கேமரா நுழையாத லேபர் வார்டு

1995 மார்ச்சில் ஒளிபரப்பான 'இ.ஆர்.' தொடரின் ஓர் அத்தியாயத்தைப் பற்றி மருத்துவர்கள் இன்றும் பேசுகிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சிறுநீர்த் தொந்தரவு என்று சிகாகோ மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறாள். டாக்டர் மார்க் கிரீன் அதைச் சாதாரணத் தொற்று என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார். சற்று நேரத்தில் காரிலேயே அவளுக்கு வலிப்பு வருகிறது. ரத்த அழுத்தம் முற்றி வந்த பேறுகால ஜன்னி அது. மகப்பேறு மருத்துவர் வந்து சேரத் தாமதமாகிறது. கிரீனே பிரசவம் பார்க்க முனைகிறார். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்கிறது. அங்கேயே வயிற்றைக் கிழித்து எடுக்கிறார்கள். குழந்தை பிழைக்கிறது, தாய் இறந்துபோகிறாள். எழுத்துக்கும் இயக்கத்துக்கும் எம்மி விருது பெற்ற அத்தியாயம் அது.

காட்டிய நோய் உண்மையானது. அதைத் தவறவிடுவதும் உலகெங்கும் நடப்பதுதான். ஆனால் கதை முழுவதும் கிரீனின் குற்றவுணர்வைச் சுற்றியே நகர்கிறது. பேறுகால ஜன்னியை அன்றாடம் கையாளுகிற மகப்பேறு மருத்துவருக்கு அதில் கடைசி நேரத்தில் வந்து கடிந்துகொள்ளும் வேலைதான்.

அதே 1995 ஜூனில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியா உட்படப் பல நாடுகளில், ஜன்னி கண்ட ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டயசிபாமைவிட மெக்னீசியம் சல்பேட் மறுவலிப்பைப் பாதியாகக் குறைத்தது; ஃபெனிடோயினைவிட மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. 2002-இல் வந்த 'மேக்பை' ஆய்வு, வலிப்பு வருமுன்பே அதைக் கொடுத்தால் ஜன்னி வரும் வாய்ப்பே பாதிக்குக் கீழ் இறங்கும் என்று பத்தாயிரம் பெண்களிடம் நிரூபித்தது. மலிவான உப்பு மருந்து அது. ஆனால் அளவு மீறினால் மூச்சை நிறுத்திவிடும். ஆகவே அதைப் போட்ட பெண்ணின் பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். முழங்காலைத் தட்டி அது துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று குறிக்க வேண்டும். துள்ளல் நின்றால் அடுத்த ஊசியை நிறுத்திவிட வேண்டும். கால்சியம் குளுகோனேட் மாற்று மருந்தாக மேசையில் தயாராக இருக்க வேண்டும். பிரசவம் முடிந்த பிறகும் இன்னொரு நாள் இதே காவல் தொடரும்.

இந்த ஒரு நாளை எந்தத் தொடரும் எடுத்ததில்லை. கெட்டது நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மகப்பேறு மருத்துவத்தின் பெரும்பகுதி. நடக்காத ஒன்றைப் படம்பிடிக்கும் வழி திரைக்கதைக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது ஆபத்தின் கடைசிப் பத்து நிமிடம். அதைப் பார்த்துப் பழகியவர்கள் பிரசவம் என்றாலே அந்தப் பத்து நிமிடம்தான் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். மருத்துவத் தொடர்களில் வரும் தவறுகளை ஒரு பட்டியலாகப் போட்டுவிடலாம். எனக்கு அதைவிட, அவை நம் பெண்களின் மனத்திலும் வீட்டாரின் மனத்திலும் நீதிமன்ற வாசலிலும் என்ன செய்கின்றன என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

தமிழ்த் திரைக்கு இதில் தனி மரபே உண்டு. நாயகி வாந்தி எடுப்பாள் அல்லது மயங்கி விழுவாள். வயதான பெண்மணியோ மருத்துவரோ மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து நல்ல செய்தி சொல்வார். பேறுகாலம் வந்ததும் வெந்நீர் கொண்டுவரச் சொல்வார்கள். கதவுக்கு வெளியே கணவன் நடந்துகொண்டிருப்பான். பிறகு டாக்டர் வெளியே வந்து, தாயா சேயா, இரண்டில் ஒரு உயிரைத்தான் காப்பாற்ற முடியும் என்பார். இந்தக் கடைசிக் காட்சி மூன்று தலைமுறைகளாக நம் வீடுகளில் பதிந்துகிடக்கிறது. உண்மையில் அப்படி ஒரு கேள்வியைக் கணவனிடம் கேட்கும் நடைமுறையே கிடையாது. தாயின் ரத்த அழுத்தத்தை, மூச்சை, ரத்த இழப்பைச் சரிசெய்வதுதான் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் முதல் சிகிச்சை. தாய் நிலைகுலைந்திருக்கும்போது குழந்தைக்காக அவளை விட்டுக்கொடுப்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. இன்னொன்று, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் உடல்மீது முடிவெடுக்கும் உரிமை அவளுடையது. 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சினிமாவில் டாக்டர் வெளியே வந்து உறவினரிடம் பேசும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்ப்பு நினைவுக்கு வரும். உள்ளே படுத்திருப்பவளிடம் கேமரா போவதே இல்லை.

மேற்கத்தியத் தொடர்களின் மரபு வேறு மாதிரி. கடைவீதியில் நின்றுகொண்டிருக்கும் பெண்ணுக்குத் திடீரெனப் பனிக்குடம் உடைந்து தரை நனையும். அடுத்த காட்சியில் சக்கர நாற்காலி, அலறல், அழுகுரல். நிறைமாதத்தில் வலி தொடங்குமுன் பனிக்குடம் உடைவது பத்தில் ஒருவருக்குத்தான் நடக்கிறது. உடைந்த பிறகும் வலி எடுக்கப் பல மணி நேரம் ஆகலாம். திரையில் வரும் பச்சிளம் குழந்தையும் கொழுகொழுவென்று கண் திறந்து பார்க்கும். கலிபோர்னியாவின் சட்டப்படி பிறந்து பதினைந்து நாளாவது ஆகாத குழந்தையைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவர முடியாது என்பதே அதற்குக் காரணம். உண்மையில் பிறந்தவுடன் குழந்தை நீலம் பாரித்து, தலை நீண்டு, வெண்ணெய் பூசினாற்போல் மாவுடன் வரும். மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா அப்கார் 1952-இல் வகுத்த பத்து மதிப்பெண் கணக்கில் முதல் நிமிடத்தில் பத்துக்குப் பத்து வாங்கும் குழந்தை அபூர்வம்; கைகால்களின் நீலம் மாறச் சற்று நேரமாகும். இது தெரியாத தகப்பன் அந்த நிறத்தைப் பார்த்து நடுங்கிப்போகிறான். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்ற சொல்லும் அப்படித்தான் வீட்டையே கலக்குகிறது. நான்கைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது. பெரும்பாலும் விரலால் தலைக்கு மேல் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது.

காத்திருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் கடினமான திறமை அதுதான். நியூயார்க்கில் இமானுவேல் ஃபிரீட்மன் 1950-களின் நடுவில் முதல் பிரசவத்துக்கு வந்த ஐந்நூறு பெண்களின் வலி நேரத்தை வரைபடமாக்கினார். கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டும் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் உலகம் முழுதும் அந்தக் கோட்டுக்குக் கீழே போனவர்களுக்கெல்லாம் ஊசி, ட்ரிப், கடைசியில் கத்தி. 2010-இல் அமெரிக்காவில் பெரிய எண்ணிக்கையில் பிரசவப் பதிவுகளை அலசியபோது, ஆறு சென்டிமீட்டர் வரை மெதுவாகப் போவது இயல்பே என்று தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பதை எல்லாப் பெண்களுக்கும் அளவுகோலாக வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. தீவிர வலி ஐந்து சென்டிமீட்டரில் தொடங்குவதாகவும், முதல் பிரசவத்தில் அதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை போகலாம் என்றும் அதன் வழிகாட்டி கூறுகிறது.

பன்னிரண்டு மணி நேரம்! அதற்குள் நாலு மணிக்கு ஒருமுறை கைவைத்துப் பார்த்தல், அரை மணிக்குள் ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பு, முக்கத் தொடங்கியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. பெண்ணை எழுந்து நடக்கச் சொல்வது, தண்ணீர் குடிக்கச் சொல்வது, முதுகைத் தேய்த்துவிடுவது. உறவினர் ஐந்தாவது முறை வந்து ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்கும்போது, எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று சொல்லும் உறுதி. அந்த உறுதிக்குப் பின்னால் பல வருடப் பயிற்சி இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று முடிவெடுப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைத் தேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஒவ்வோர் இரவும் கடக்கிறார்.

இங்கேதான் சிசேரியன் கேள்வி வருகிறது. தமிழ்த் திரையில் அதற்கு ஒரே விளக்கம் பேராசை. அட்லியின் 'மெர்சல்' படத்தில் பணத்துக்காகச் செய்யப்படும் சிசேரியனில் தாய் இறக்கிறாள். திரையரங்கில் எழுந்த கைதட்டலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்த இடைவெளியை மருத்துவக் காரணம் மட்டும் விளக்கிவிடாது என்றே நினைக்கிறேன். ஆனால் கூடுதல் பணம் கிடைக்காத அரசு மருத்துவமனையிலும் ஏன் மூன்றில் ஒன்றுக்கு மேல் என்ற கேள்விக்கு 'மெர்சல்' போன்ற கதைகளிடம் பதில் இல்லை. முந்தைய பிரசவம் சிசேரியன், சர்க்கரை நோய், முப்பது தாண்டிய முதல் கர்ப்பம், வலி தாங்க மாட்டேன் என்ற வேண்டுகோள், ஜோசியர் குறித்துக் கொடுத்த நட்சத்திரம். இவற்றோடு எழுதப்படாத காரணம் ஒன்றும் உண்டு. சிறு ஊரின் நர்சிங் ஹோமில் மயக்க மருந்து நிபுணரை வெளியிலிருந்து அழைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மெதுவாகப் போகும் பிரசவம் நள்ளிரவு இரண்டு மணிக்குத் திரும்பிக்கொண்டால் யார் வருவார்? காத்திருந்து கெட்டது நடந்தால் ஏன் அறுக்கவில்லை என்பார்கள். அறுத்த பிறகு ஏன் காத்திருக்கவில்லை என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. அந்தப் பயம் ஆறு மணிக்கே கத்தியை எடுக்க வைக்கிறது.

விலையை அடுத்தடுத்த கர்ப்பங்கள் கொடுக்கின்றன. பழைய தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டி வேர்விடலாம். நஞ்சு கீழிறங்கி அமைந்த பெண்களிடம் அமெரிக்காவில் பார்த்த கணக்கில், இரண்டாவது சிசேரியனின்போது அப்படி ஆழப் பதிந்திருந்தது 11 சதவீதம் பேருக்கு. மூன்றாவதில் அது 40. அப்படிப்பட்ட அறுவைக்கு ரத்த வங்கியும் சிறுநீரக அறுவை மருத்துவரும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் முன்கூட்டியே தயாராக வேண்டும். பலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க நேரும். முதல் சிசேரியன் காட்சியோடு படம் முடிந்துவிடுகிறது. இது நான்கைந்து ஆண்டு கழித்து வரும் கதை.

குழந்தையின் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் கருவிக்கும் இதில் பங்குண்டு. தொடர்களில் அது பீப் பீப் என்று ஒலித்து, கோடு விழுந்தவுடன் எல்லோரும் ஓடுவார்கள். அந்தக் கோடுகளில் பயமுறுத்துபவை பலவும் பொய்யான அலறல்தான் என்பது மகப்பேறு மருத்துவருக்குத் தெரியும். இடைவிடாமல் அதை மாட்டிவைத்தால் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது பாதியாகக் குறைகிறது. ஆனால் மூளை முடக்குவாதம் குறையவில்லை, சிசேரியன் மட்டும் கூடுகிறது என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு.

தொடர்களின் இன்னொரு பழக்கம், எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுவது. 'கிரேஸ் அனாட்டமி'யின் அடிசன் மான்ட்கோமரி பிரசவம் பார்ப்பார், கருவிலிருக்கும் சிசுவுக்கு அறுவை செய்வார், பிறந்த குழந்தைக்கும் அறுவை செய்வார். இவை தனித்தனிப் படிப்புகள். ஒன்றுக்கே வாழ்நாள் போதாது. நிஜ லேபர் வார்டில் சுகப்பிரசவங்களில் பெரும்பங்கைத் தாங்குபவர்கள் செவிலியர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு பிறக்கும் குழந்தையின் தலையை ஏந்துவது பெரும்பாலும் ஒரு ஸ்டாஃப் நர்ஸின் கை. அதற்கும் முன்னால் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்த்திருப்பார், கால் வீக்கத்தைக் கவனித்திருப்பார், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் பதிந்திருப்பார். 'இ.ஆர்.' அத்தியாயத்து நாயகி நம் ஊரில் பிறந்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடியவர் அவர்தான்.

இந்தக் குறையைப் போக்கிய தொடர் ஒன்று உண்டு. 1998-இல் பிரிட்டிஷ் மருத்துவச்சி டெர்ரி கோட்ஸ், இலக்கியத்தில் மருத்துவச்சிகள் கண்ணுக்கே தெரிவதில்லை, யாராவது எழுதக் கூடாதா என்று தம் தொழில் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த ஜெனிஃபர் வொர்த், கிழக்கு லண்டனில் 1950-களில் தாம் பார்த்த பிரசவங்களை எழுதத் தொடங்கினார். அதுவே 2012 முதல் பிபிசியில் ஓடும் 'கால் த மிட்வைஃப்'. கோட்ஸே அதற்கு ஆலோசகரானார். கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த தாலிடோமைட் மருந்தால் கைகால் இல்லாமல் குழந்தைகள் பிறந்ததை அத்தொடர் பொறுமையாகச் சொன்னது. நல்ல நோக்கத்தோடு எழுதிக் கொடுத்த மாத்திரையின் விளைவை ஒரு மருத்துவர் உணரும் இடம் எந்த அவசர சிகிச்சைக் காட்சியைவிடவும் கனமானது. தொழிலைத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தால் தொலைக்காட்சியாலும் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அப்படி உள்ளிருந்து வந்த இன்னொன்று 'திஸ் இஸ் கோயிங் டு ஹர்ட்' (2022). மகப்பேறு மருத்துவராக இருந்து வேலையை விட்ட ஆடம் கே தம் நாட்குறிப்பிலிருந்து எழுதியது. காரிலேயே தூங்கி விழிக்கும் மருத்துவர், தொப்புள் கொடி வெளியே வந்துவிட்ட பெண்ணைப் பார்க்கிறார். குழந்தையின் தலை கொடியை அழுத்தாதபடி உள்ளே கையை வைத்து உயர்த்திப் பிடித்தபடியே அறுவை அரங்கம்வரை போக வேண்டும். அப்படித்தான் நிஜத்திலும் செய்கிறார்கள். களைப்பும் அவமதிப்பும் ஆள்பற்றாக்குறையும் சேர்ந்து நல்ல மருத்துவரை எப்படிக் கெடுக்கின்றன என்று காட்டிய தொடர் அது. சில பெண்கள், நாங்கள் வெறும் உடல்களாகவே வருகிறோம் என்று அதைக் குறைகூறினார்கள். அந்தக் குறை நியாயமானது என்றே எனக்கும் படுகிறது.

நம் ஊரில் 'நண்பன்' (2012) வாக்வம் கிளீனரால் பிரசவம் பார்த்தது. உறிஞ்சு கருவிப் பிரசவம் உண்மைதான். அதில் அழுத்தத்தின் அளவு, கிண்ணம் உச்சந்தலையில் அமரும் இடம், எத்தனை இழுப்புக்குமேல் இழுக்கக் கூடாது என்பதெல்லாம் குழந்தையின் மூளைக்குள் ரத்தம் கசியாமலிருக்க வகுத்த கட்டுப்பாடுகள். அதை மேலும் பேச வேண்டியதில்லை.

ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்தவுடன் கர்ப்பப்பை இறுகிக் கல்லாக வேண்டும். இறுகாவிட்டால் தாய் இரண்டு மணி நேரத்திலேயே போய்விடக்கூடும். உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பெண்கள் இப்படி இறக்கிறார்கள். திரையில் ரத்தம் தரையில் குளமாகத் தேங்கி எல்லோர் கண்ணிலும் படும். நிஜத்தில் அது துணியிலும் பஞ்சிலும் படுக்கைக்கு அடியிலும் ஊறி மறைந்துவிடும். கண்ணால் பார்த்து அளந்தால் குறைத்தே மதிப்பிடுவோம், அனுபவசாலிகளும் விதிவிலக்கில்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான 'இ-மோட்டிவ்' ஆய்வு ஒரு எளிய பொருளை நம்பியது: அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. பெண்ணுக்கு அடியில் விரித்தால் ரத்தம் பையில் இறங்கி எத்தனை மில்லி என்று காட்டும். கோட்டைத் தொட்டவுடன் வயிற்றைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழி திரவம், எங்கிருந்து கசிகிறது என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதனால் வயிற்றைத் திறப்பது, மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. வழக்கமான முறையில் இருந்த மருத்துவமனைகளில் ரத்தப்போக்கு கண்ட பெண்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். விரிப்பு இருந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.

வங்கதேசத்தின் பேராசிரியர் சயீபா அக்தர் இதற்கு முன்பே, விலையுயர்ந்த பலூன் கருவி வாங்க வழியில்லாத மருத்துவமனைக்காக ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டிக் கர்ப்பப்பைக்குள் வைத்து உப்புநீரால் நிரப்பி ரத்தத்தை நிறுத்தினார். 2003-இல் அதை எழுதி வெளியிட்டார். பிறகு பல ஏழை நாடுகளில் அது பரவியது. மருத்துவத் தொடருக்கான நாயகி வேண்டுமென்றால் டாக்காவிலேயே இருக்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் மகப்பேறு மருத்துவரின் பாதி வேலைதான். மறுபாதியைத் திரை ஏறக்குறைய மறந்தேவிட்டது. ஓ.பி. நாளில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கர்ப்பிணிகள் அல்லர். பதினாறு வயதில் மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண், நீர்க்கட்டி என்று ஸ்கேனில் சொன்னதைக் கேட்டுக் கல்யாணமே ஆகாதோ என்று கலங்கும் அம்மா, வெள்ளைப்படுதல், நாற்பதுக்கு மேல் பெரும்பாடு, குழந்தையில்லாமல் ஐந்து மருத்துவமனை ஏறி இறங்கிய தம்பதி, காப்பர்-டி எடுக்க வந்தவர், அடியிறக்கத்தைப் பதினைந்து வருடமாகத் துணியால் முட்டுக்கொடுத்துக்கொண்டு வயலில் வேலை செய்த பாட்டி. பாட்டி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவரைச் சொல்ல வைப்பதுதான் அன்றைய சிகிச்சை. மேரி ஷார்லீப் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் 1885-இல் திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்கென ஒரு மருத்துவமனை அமையக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் அது நடக்கிறது. அந்த நாளிலிருந்து இந்தத் துறையின் முதல் சவால் இந்தச் சொல்லாமைதான். அமெரிக்காவின் 'மிண்டி ப்ராஜெக்ட்' தொடரில் நாயகி மகப்பேறு மருத்துவர்; எழுதி நடித்த மிண்டி கேலிங்கின் தந்தை தமிழர், தாய் நிஜத்திலேயே மகப்பேறு மருத்துவர். அங்கும் நோயாளிகளைவிட நாயகியின் காதல்களே அதிக இடம் பிடித்தன.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஒரு காரியம் உலகம் முழுதும் மேற்கோள் காட்டப்படுகிறது; நம்மில் பலருக்குத் தெரியாது. கர்ப்பப்பை வாயில் வினிகரைப் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால், புற்றுக்கு முந்திய மாற்றம் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துவிடும். பயிற்சி பெற்ற செவிலியர் வெறும் கண்ணால் பார்த்துவிடலாம். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து, முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையான கிராமத்துப் பெண்களுக்கு இந்தச் சோதனையைச் செய்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் 'லான்செட்' வெளியிட்டது. அந்த ஊர்களில் யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. ஒரு மேசை, ஒரு டார்ச் வெளிச்சம், தயங்கித் தயங்கி வந்த பெண்கள். பிழைத்தவர்களில் பலருக்குத் தாங்கள் பிழைத்தோம் என்பதே தெரியாது.

சட்டமும் மகப்பேறு மருத்துவரின் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கத் தொடரில் ஸ்கேன் பார்க்கும்போதே ஆணா பெண்ணா என்று சொல்லி எல்லோரும் கண்கலங்குவார்கள். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். உசிலம்பட்டியிலும் சேலத்திலும் நடந்த பெண்சிசுக் கொலைகளை அறிந்தவர்களுக்குச் சட்டம் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்து 2021-இல் விரிவடைந்தது. வயது வந்த பெண்ணுக்குக் கணவனின் கையெழுத்து தேவையில்லை என்பது அதில் தெளிவாக இருந்தும் இன்றும் பல இடங்களில் கேட்கிறார்கள்.

தொடர்கள் காட்டாத ஓர் அவலமும் உண்டு. மருத்துவர்கள்மீது எவ்வளவு மதிப்பிருந்தாலும் அதைத் தாண்டிச் செல்ல முடியாது. வலியில் கத்தும் பெண்ணைத் தொடையில் அடிப்பது, படுக்கும்போது தெரியவில்லையா என்று கேட்பது, திரையில்லாத கட்டிலில் பலர் பார்க்கக் கைவைத்துப் பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் நான்கு நாடுகளின் பிரசவ அறைகளில் நேரில் கவனித்து 2019-இல் வெளியிட்டதில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் அடியையோ வசையையோ பாகுபாட்டையோ சந்தித்திருந்தார்கள். அந்த நாடுகளில் இந்தியா இல்லை. ஆனால் நம் அம்மாக்களிடமும் அக்காக்களிடமும் கேட்டால் கதை வேறாக இருக்காது. பிரசவத்தின்போது உடன் ஒரு பெண்துணை இருக்கலாம் என்று தமிழ்நாடு அனுமதித்தது இந்த நிலையை மாற்ற எடுத்த மிக நல்ல முடிவு. துணையாக ஒருத்தி பக்கத்தில் நின்றாலே வார்டின் குரல் தணிகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்தார். சடலத்தை மருத்துவமனை வாசலில் வைத்துப் போராடினார்கள். பிரசவம் பார்த்த பெண் மருத்துவர்மீது காவல்துறை கொலை வழக்குப் பதிந்தது. அவர் தற்கொலை செய்துகொண்டார். எந்தத் தொடர் இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, சொல்வதும் தவறு. ஆனால் கடைசி நிமிடத்தில் திறமையான டாக்டர் வந்தால் எந்தத் தாயும் பிழைப்பாள், பிழைக்காவிட்டால் யாரோ கொன்றிருக்கிறார்கள் என்ற இரண்டே முடிவுகளைத்தான் திரை நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

மூன்றாவது வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990-களில் தொடங்கிய மகப்பேறு மரணத் தணிக்கை அது. பிரசவத்தில் இறந்த ஒவ்வொரு பெண்ணின் கதையையும் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதுகிறார்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினர்களையும் அழைக்கிறார்கள். தலைவலி எப்போது தொடங்கியது? யாரிடம் சொன்னாள்? வண்டி எத்தனை மணிக்கு வந்தது? முதல் மருத்துவமனை ஏன் அனுப்பிவிட்டது? ரத்தம் இருந்ததா? மயக்க மருந்து நிபுணர் அன்று பணியில் இருந்தாரா? இருபத்துநாலு மணி நேரமும் மகப்பேறு, குழந்தை, மயக்க மருந்து மருத்துவர்களும் ரத்தமும் இருக்க வேண்டும் என்று அமைக்கப்பட்ட சீமாங் மையங்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கேள்விகள் இருக்கின்றன. 2001-03-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்த மாநிலத்தில் 2018-20-இல் அது 54 ஆனது. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறந்த இடத்தில் 54 என்றாலும் ஐந்நூறு பெண்கள் வருகிறார்கள். அந்தக் கூட்ட அறையில் கணவனும் மாமியாரும் ஒருபக்கம், மருத்துவரும் செவிலியரும் மறுபக்கம் உட்கார்ந்திருக்க, அவளுடைய கடைசி நாளை மணி வாரியாக உரக்கப் படிக்கிறார்கள்.